ரெஜினா என்கிற கௌரியின் வாரிசுகள்

நைட்ரஜன் கேன் இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் மிச்சமிருந்தது. சுற்றிலும் மெல்லிய தூசி. நடுவில் தரை பளிச்சென்று தெரிந்தது.

"திருடன் தூசியைத் தொடவே இல்லை மேடம். பொறுப்பான ஆள்" என்றான் ஹரிஷ்குமார்.

"வாயை மூடிட்டு அந்தக் கதவைப் பாரு மேன்" என்றார் பிரிஜெட்.

பின்பக்கக் கதவு. பூட்டு முழுசாக இருந்தது, தாழ்ப்பாளும் முழுசாக இருந்தது. வெளியே தொம்மலூர் பழைய ஊரின் சந்து. எதிரே ஆள் வந்தால் பக்கவாட்டில் திரும்பி நின்று வழிவிட வேண்டிய அகலம். சந்து முடிகிற இடத்தில் கண்ணாடி போட்ட ஆபீஸ் கட்டடங்கள் எழுந்து நின்றன.

பிரிஜெட் இருபது வருடம் கால்நடைக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மாடு நிஜமாகவே செத்ததா என்று போய்ப் பார்ப்பதுதான் வேலை. பல மாடுகள் அடுத்த ஊரில் வேறு பெயரில் புல் தின்றுகொண்டிருக்கும். மனிதர்கள் சொல்வதை நம்பாமல் மாட்டின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் அங்கே வந்தது. வேலையை விட்டபின் லிங்கராஜபுரத்தில் வீட்டின் முன்னறையையே துப்பறியும் ஆபீஸாக மாற்றிக்கொண்டார். வாணியம்பாடிக்காரனான ஹரிஷ், சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவன். கம்பெனி அவனிடமே தப்புக் கண்டுபிடித்து அனுப்பிய பிறகு இவரிடம் வந்து சேர்ந்தான்.

"கதவை உடைக்கவே வேண்டாம் ஆன்ட்டி" என்றாள் லவினா. அவர்கள் நின்றிருந்த லேப் அவளுடையது. பிரிஜெட் போகும் அதே சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுகிறவள். "கேன்ல திரவ நைட்ரஜன் நிரப்புற அன்னைக்குப் பின்கதவைத் திறந்துதான் வைப்போம். மூடி வச்சா நைட்ரஜன் ரூம்ல சேர்ந்து நமக்கு மூச்சு முட்டிடும்."

"கேனுக்குள்ளே என்ன இருந்தது?"

"நாலு ஸ்ட்ரா. ஒவ்வொண்ணும் பேனா ரீஃபில் தடிமன்தான் இருக்கும். ஒவ்வொண்ணுக்குள்ளேயும் ஒரு பசுவோட கரு. மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரியில உறைய வச்சது. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்கே தெரியாத சாமான் காணாமப் போனதை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று ஹரிஷ் கேட்டான். லவினா சிரிக்கவில்லை. அழுகிற நிலையில் இருந்தாள்.

அந்தக் கருக்களின் தாய் ஒரு கிர் இனப் பசு. கறவையில் கர்நாடகம் முழுக்கப் பேர் வாங்கியது. மூன்று வருடம் முன்பு செத்துப்போனது. அதை வளர்த்தவர்கள் யூஜின், தாரணி என்ற தம்பதி. காதலித்துக் கல்யாணம் செய்து, சேர்ந்து பால் பண்ணை வைத்து, இப்போது விவாகரத்துக்கு நிற்கிறார்கள். அவன் பசுவை ரெஜினா என்று கூப்பிட்டான். அவள் கௌரி என்று கூப்பிட்டாள். குடும்ப நீதிமன்றக் காகிதத்தில் 'ரெஜினா என்கிற கௌரி' என்று ஏறியிருந்தது. வீடு, கார், பாத்திரபண்டம் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டவர்கள் இந்த நாலு கருவில் மட்டும் இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆளுக்கு ரெண்டுன்னு பிரிச்சா என்னவாம்?" என்றார் பிரிஜெட்.

"எது நல்ல ரெண்டுன்னு சண்டை ஆன்ட்டி! அதனால என் லேப்ல வைக்கச் சொல்லி கோர்ட் ஆர்டர். ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் நான் வெளியே கொடுக்கலாம். திங்கட்கிழமை வாய்தா. அன்னைக்கும் ஒத்துவரலேன்னா வெளி ஆளுக்கு வித்து, பணத்தைப் பிரிச்சுக்கச் சொல்லிடுவேன்னு ஜட்ஜ் சொல்லிட்டார். திங்கட்கிழமை நான் எதைக் காட்டுவேன்? லேபை இழுத்துப் பூட்டிடுவாங்க. மத்த பண்ணைக்காரங்க நம்பி வச்சிருக்கிற கேனெல்லாம் என்ன ஆகிறது?"

"எப்போ காணாமப் போச்சு?"

"போன செவ்வாய்க்கிழமை, நிரப்புற நாள். அன்னைக்குப் பார்த்து தாரணி வந்து முன்னறையில ஒரே கத்தல். லேபிள்ல கௌரி பேரு ஏன் ரெண்டாவதா இருக்குன்னு. நானும் என் அசிஸ்டென்ட்டும் அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிட்டு வந்து பார்த்தா கேன் இல்லை."

"அப்போ தாரணி திருடலை" என்றான் ஹரிஷ். "திருட்டு நடந்தப்போ அவங்க உங்க மூஞ்சிக்கு நேரா கத்திட்டிருந்தாங்க. இதைவிட சத்தமான சாட்சி வேறென்ன வேணும்?"

பிரிஜெட் கைக்குட்டையால் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "முதல்ல புருஷனைப் பார்ப்போம்."

யூஜின் லிங்கராஜபுரத்தில் தன் அண்ணன் வீட்டு மாடியில் இருந்தான். நாற்பதை நெருங்கும் வயது, வெயிலில் கறுத்த முகம். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டான்.

"அவதான்! வேற யாரு? எனக்குக் கிடைக்கலேன்னா உனக்கும் கிடைக்கக் கூடாதுங்கிற டைப் அவ."

"நீங்க அவங்ககிட்ட பேசினீங்களா?"

"பேசறதா? ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை கிடையாது ஆன்ட்டி. ஹேப்பி பர்த்டேகூட வக்கீல் மூலமாத்தான்."

"செவ்வாய்க்கிழமை எங்க இருந்தீங்க?"

"பண்ணையில. மாடுங்களைக் கேட்டுப் பாருங்க."

"கேட்போம்" என்றார் பிரிஜெட், அதில் வேடிக்கை எதுவும் இருப்பதாகக் காட்டிக்கொள்ளாமல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன் யூஜின். வேற யாருக்கும் இது தெரியாது. சந்து முனையில ஒரு ஆட்டோவுல கேனை ஏத்தினதைப் பார்த்த ஆள் இருக்கார்."

"ஆட்டோவா?" என்றான் யூஜின். அவன் முகத்தில் கோபம் சட்டென்று காணாமல் போய், தப்பான விடைக்கு மார்க் வாங்கிய மாணவனின் குழப்பம் வந்து உட்கார்ந்தது.

படியிறங்கும்போது ஹரிஷ் பொறுக்க முடியாமல் கேட்டான். "மேடம், எந்த ஆட்டோ? எந்த ஆள்? காலையிலேர்ந்து நானும் உங்களோடதான் இருக்கேன்."

"ஆட்டோவும் இல்லே, ஆளும் இல்லே. சும்மா ஒரு பொய்யை வெளியே விட்டிருக்கேன். எங்க போய் நிக்குதுன்னு பார்க்கலாம்."

"ஆட்டோ பொய்யா இருந்தாலும் மீட்டருக்கு மேலதான் கேக்கும் மேடம்."

பிரிஜெட் ஸ்கூட்டரைக் கிளப்பினார். "இப்போ பசியைத் தேடுவோம். அந்தக் கேன் கைக்குழந்தை மாதிரி. கரன்ட் வேண்டாம். ஆனா நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போயிட்டே இருக்கும், அப்பப்போ ஊத்தணும். திருடினவன் கருவைக் காப்பாத்தணும்னா எங்கேயாவது போய் நைட்ரஜன் வாங்கியே ஆகணும்."

நைட்ரஜன் விற்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இல்லை. நாலாவதாக ஃபோன் எடுத்தவர் யோசித்துவிட்டுச் சொன்னார். இந்த வாரம் புது கஸ்டமர் ஒருவர் வந்தார். கையில் சின்ன கேன். பெயர் கிளிஃபர்ட். கல்யாண டெக்கரேஷன்காரர். இன்று சாயங்காலம் லிங்கராஜபுரத்திலேயே ஒரு ஹாலில் ரிசப்ஷன்.

"டெக்கரேஷன்காரருக்கு மாட்டுக் கரு எதுக்கு?" என்றான் ஹரிஷ்.

அதற்கான விடை ஹால் வாசலிலேயே கிடைத்தது. பியானோ இசை எழும்ப, விளக்குகள் மங்க, பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே நுழைந்தார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளை நைட்ரஜன் புகை பொங்கி வந்து அவர்களை இடுப்புவரை மூடியது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். பெண் மேகத்தில் நடப்பவளைப்போல நாலு அடி எடுத்து வைத்து, ஐந்தாவது அடியில் தன் கவுனையே மிதித்துத் தடுமாறினாள். அவள் எங்கே போனாள் என்று மாப்பிள்ளை புகைக்குள் குனிந்து தேடினான்.

"கல்யாணமாகிப் பத்து வருஷம் கழிச்சு நடக்க வேண்டியது முதல் நாளே நடக்குது" என்றான் ஹரிஷ்.

பிரிஜெட் கூட்டத்தைச் சுற்றி மேடைக்குப் பின்னால் போனார். அங்கே பூச்சாடிக்கு மறைவில், வாயிலிருந்து புகை கசிய ஒரு கேன். அதன் கழுத்தில் பிங்க் நிற நெயில்பாலிஷில் ஒரு சின்னச் சிலுவை. லவினா தன் கேன்களுக்கெல்லாம் போடும் அடையாளம்.

கிளிஃபர்ட் வியர்த்துப்போனான். "நான் வாங்கினது மேடம்! எலெக்ட்ரானிக் சிட்டியில பழைய சாமான் வாங்குற ஒரு குஜிரிக்காரன்கிட்ட. ஏரிக்கரைக் குப்பையில கிடந்துச்சாம். உள்ளே காலி. பாத்திரம் நல்லா இருக்கே, ஜில்லுனு நிக்குமேன்னு வாங்கினேன்."

"உள்ளே ஸ்ட்ரா போட்டுத் தொங்க விடற குட்டிக் கூடைங்க?"

"ஒண்ணுமே இல்லே மேடம். என் பையன் மேல ஆணை."

கேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஹாலுக்கு எதிர்க் கடையில் டீ சொல்லிவிட்டு ஹரிஷ் பெருமூச்சு விட்டான். அவனுக்கு லவினாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"முடிஞ்சுபோச்சு மேடம். கர்நாடகாவுக்கே பேர் வாங்கின பசுவோட வாரிசு நாலும் குப்பையில. ஏரிக்கரைன்னா தாரணி இருக்கிற அபார்ட்மென்ட் அங்கதான். ஆள் வச்சு எடுத்துட்டு வரச் சொல்லி, கோபத்துல கொட்டியிருக்காங்க."

"கோபத்துல கொட்டினவங்க கூடையோட, கேனோட அப்படியே வீசியிருப்பாங்க" என்றார் பிரிஜெட். "இவங்க உள்ளே இருந்ததைப் பத்திரமா எடுத்துட்டுக் கேனை மட்டும் போட்டிருக்காங்க. இது கோபமில்லே ஹரிஷ். வேலை முடிஞ்சுபோன அலட்சியம்."

"என்ன வேலை?"

"நாளைக்குக் காலையில சொல்றேன். டீயைக் குடி."

மறுநாள் வெள்ளிக்கிழமை. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கம்பெனி கேப்கள் மூட்டைப்பூச்சி வரிசைபோல ஊர்ந்தன. கீழே பழைய ரோட்டில் அவர்கள் ஸ்கூட்டர் வேகமாகவே போனது. தாரணியின் அபார்ட்மென்ட் வளாகத்தில் ஐந்து பிளாக்குகள். அவள் இருந்தது முதல் பிளாக்கில், உயரமான மாடியில். பால்கனிக்கு நேர் கீழே ஏரி. ஏரிக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே பில்டர்கள் இன்னும் வாங்காத ஒரு துண்டு நிலம்.

தாரணி ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே பேசினாள். பேசும்போதெல்லாம் பால்கனிக் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"யூஜின்தான் மேடம். சந்தேகமே வேண்டாம். திங்கட்கிழமை தோத்துடுவோம்னு தெரிஞ்சு எடுத்திருக்கான்."

"அவர் உங்களைச் சொல்றார்."

"சொல்லுவான். நான் அன்னைக்கு லவினா மேடத்தோட பேசிட்டிருந்தேன்."

"பேசினதா சொல்லலே. கத்தினதா சொன்னாங்க" என்றான் ஹரிஷ்.

"சரி, கத்தினேன். ஒரே நேரத்துல கத்திக்கிட்டும் திருடிக்கிட்டும் இருக்க முடியுமா? அதுவும் அந்த மாதிரி சாமானை யாராவது ஆட்டோவுல வச்சுக் குலுக்கி எடுத்துட்டுப் போவாங்களா? எனக்கு அந்த அளவுக்கா அறிவில்லே?"

தாரணி கொடுத்த டீ கப்போடு ஹரிஷின் கை பாதியில் நின்றது. ஆட்டோ. அது நேற்று லிங்கராஜபுரத்து மாடியில் பிரிஜெட்டின் வாயில் பிறந்த ஆட்டோ. கேட்டது ஒரே ஒரு ஜோடிக் காது. இரண்டு வருடமாக இவளோடு ஒரு வார்த்தை பேசாதவனின் காது.

பிரிஜெட் எதுவும் நடக்காததுபோல எழுந்து, தாரணியை மெல்ல விலக்கிவிட்டுப் பால்கனிக்குப் போனார். கீழே அந்தத் துண்டு நிலத்தில் தகரக் கூரை போட்ட ஒரு மாட்டுக் கொட்டகை. பக்கத்தில் சாதாரணக் கலப்பினப் பசுக்கள் நின்றன. தொப்பி போட்ட ஒரு ஆள் புல் கட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இங்கே வா ஹரிஷ். அந்த மாடுங்களைப் பாரு. இந்த ஏரியாவுல மாடுங்க என்ன சாப்பிடும்?"

"பிளாஸ்டிக் பை, பேப்பர் தட்டு. லக் இருந்தா மிச்சமான பிரியாணி."

"இதுங்களுக்குப் பச்சை மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, தனி வாளியில தண்ணி. என்ன விசேஷம்னு நினைக்கிறே?" திரும்பாமலே தொடர்ந்தார். "கேனைத் தூக்கிப் போட்டவங்களுக்குக் குளிர் வேண்டாம். ஏன் வேண்டாம்?"

"கரு செத்துப்போச்சு, அதனால."

"இன்னொரு காரணமும் இருக்கு. குளிரே தேவைப்படாத இடத்துக்குக் கரு போயிருக்கு."

ஹரிஷ் கீழே பார்த்தான். பசுக்களின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவன் பார்வை மெல்ல அவற்றின் வயிற்றுக்கு இறங்கியது.

"ஐயையோ!" என்றான்.

தாரணி சோஃபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"உறைஞ்ச கருவைக் கண்ட நாள்ல கண்ட பசுவுக்குள்ளே வைக்க முடியாது" என்றார் பிரிஜெட். "பருவத்துக்கு வந்து ஏழாவது நாள் அந்தப் பசு ரெடியா நிக்கணும். நாலு பசுவையும் ஊசி போட்டு ஒண்ணா பருவத்துக்குக் கொண்டுவந்து, அந்த ஏழாவது நாள் லேப் பின்கதவு திறந்திருக்கிற செவ்வாய்க்கிழமையா விழற மாதிரி கணக்குப் பண்ணியிருக்கீங்க. கோபத்துல வர்ற சண்டைக்கு இவ்வளவு ஏற்பாடு கிடையாது. நீங்க முன்னால கத்தினீங்க. பின்னால ஒருத்தர் எடுத்தார். இங்கே வந்து ஸ்ட்ராவை வெதுவெதுப்பான தண்ணியில முக்கி, உறைஞ்சதை உருக்கி, கருவை உள்ளே வச்சுட்டார். ஏன்மா, கீழே புல் போடறாரே, அவர் உங்களோட ரெண்டு வருஷமா பேசாத வீட்டுக்காரர்தானே?"

தொப்பிக்காரன் அந்த நேரம் பார்த்துத் தலையை நிமிர்த்தி, பால்கனியைப் பார்த்துப் பழக்கமாகக் கையசைத்தான். பிரிஜெட்டும் பதிலுக்குக் கையசைத்தார். யூஜினின் கை காற்றில் அப்படியே நின்றது.

கொட்டகையில் வைத்து எல்லாம் வெளியே வந்தது. ஜட்ஜ் விற்கச் சொல்லப்போகிறார் என்று தெரிந்த அன்று ராத்திரி யூஜின்தான் முதலில் மெசேஜ் அனுப்பினான். 'ரெஜினாவை விக்கப் போறாங்க' என்று ஒரே வரி. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. 'கௌரியை விக்க விட மாட்டேன்.' இரண்டு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. கரு வைக்கும் பயிற்சி யூஜினுக்கு இருந்தது. மாடு பிடித்துக்கொள்ள தாரணி இருந்தாள். யூஜினின் பண்ணையில் வைத்தால் உடனே மாட்டிக்கொள்வோம் என்று, பால்காரர் முனிராஜுவின் நாலு பசுக்களை மாதவாடகைக்குப் பேசிக்கொண்டார்கள்.

"உருக்கி எடுத்த உடனே வைக்கணும் ஆன்ட்டி, நேரமே இல்லே" என்றான் யூஜின். "நான் பதறிட்டேன். அவதான் 'ரெஜினாவை நினைச்சுக்கோ'ன்னா. அவ வாயால ரெஜினான்னு சொன்னதை நான் கேட்டதே இல்லை."

"அவசரத்துக்குச் சொன்னேன்" என்றாள் தாரணி.

ஹரிஷ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்கு ஒண்ணுதான் புரியலை. ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டா லேப்லயே கேனைக் கையில கொடுத்திருப்பாங்களே? ஆர்டரே அதுதானே? உங்க சொத்தை நீங்களே சேர்ந்து, உங்ககிட்டேயிருந்தே திருடியிருக்கீங்க!"

"சேர்ந்து கையெழுத்துப் போட்டா அவனோட வக்கீல் என்ன நினைப்பார்? நான் இறங்கி வந்துட்டேன்னு சிரிப்பார்" என்றாள் தாரணி.

"என் வக்கீல் மட்டும் சும்மா இருப்பாரா?" என்றான் யூஜின்.

"அதனால ரெண்டு பேரும் இறங்கி வராம, பின்வாசல் வழியா உள்ளே போயிட்டீங்க" என்றான் ஹரிஷ். "அப்போ விவாகரத்து?"

"அது உண்டு!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாகப் பேசிக் கேட்டதில்லை என்பதுபோல ஒரு பசு திரும்பிப் பார்த்தது.

பிரிஜெட்டின் குரல் இறுகியது. "நீங்க ரெண்டு பேரும் கௌரவம் பார்த்தீங்க. நடுவுல லவினா லேபை மூடிட்டு ரோட்டுக்கு வரணும். அவளைப் பத்தி நினைச்சீங்களா? சேர்ந்து சம்மதிச்சுத்தான் எடுத்தோம்னு இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். திங்கட்கிழமை அவ அதைக் காட்டணும்."

தாரணி தலைகுனிந்தாள். "போடறேன். அவன் முதல்ல போடட்டும்."

"அவ முதல்ல போடட்டும்" என்றான் யூஜின்.

பிரிஜெட் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அதே நேரம் தாரணி சட்டென்று நிமிர்ந்தாள். கொட்டகையைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள்.

"யூஜின், மூணுதான் இருக்கு. கறுப்பி எங்கே?"

காம்பவுண்டு பக்கமிருந்து முனிராஜு லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். "சார், பேஜார் ஆகாதீங்க. பக்கத்து பிளாக்ல கிருகப்பிரவேசம். கோமாதாவைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. மத்த மாடெல்லாம் லிஃப்டைப் பார்த்தா மிரளும். கறுப்பி ஒண்ணுதான் சும்மா நிக்கும். அதான்…"

"லிஃப்டா?"

"மேலே போறப்போ கரன்ட் போச்சு சார். ஜெனரேட்டர் வந்தும் லிஃப்ட் நகரலே. உள்ளே கறுப்பியும் புரோகிதரும் நிக்கிறாங்க."

யூஜின் ஓடினான். "மிரண்டா கரு தங்காது, தாரணி!" என்று கத்திக்கொண்டே ஓடினான். அதற்குள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தாரணி அவனை முந்தியிருந்தாள். படிக்கட்டில் அவர்களைத் தொடர்ந்து ஏறிய ஹரிஷுக்கு மூன்றாவது மாடியிலேயே நாக்கு தள்ளிவிட்டது. கேஸ் முழுக்க மைனஸ் டிகிரியில் நடந்தது, இந்த இடத்தில்தான் வியர்த்தது.

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றிருந்தது. வெளிக்கதவை நெம்பியதில் ஒரு கை நுழையும் இடைவெளி. உள்ளேயிருந்து மந்திரம் கேட்டது. வாடிக்கையான மந்திரம் இல்லை, ஆபத்துக் காலத்து மந்திரம். நடுநடுவே பெருமூச்சும் கேட்டது. அது மாட்டினுடையதா புரோகிதருடையதா என்று சொல்ல முடியவில்லை.

யூஜின் செக்யூரிட்டியோடு மேல்மாடிக்குப் போய், கையால் சுற்றி லிஃப்டை இறக்கும் சக்கரத்தைப் பிடித்தான். தாரணி கதவின் முன் மண்டியிட்டு இடைவெளிக்குள் கையை விட்டாள். "ம்மா… ம்மா… ஒண்ணுமில்லேடா… என் தங்கம்ல" என்று தொடர்ந்து பேசினாள். உள்ளிருந்து ஈரமான மூக்கு ஒன்று அவள் விரல்களைத் தேடி வந்து தொட்டது.

"யூஜின், மெதுவா! குலுக்காதே!"

"மெதுவாத்தான் விடறேன்! அதுகிட்ட பேசிட்டே இரு, நிறுத்தாதே!"

மேலேயிருந்து அவனும் கீழேயிருந்து அவளும் மாறி மாறிக் குரல் கொடுத்தார்கள். 'இன்னும் கொஞ்சம்', 'நிறுத்து', 'இப்போ விடு' என்று. ஒரு தடவைகூட ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவில்லை. ஹரிஷுக்குக் கேலி பேசத் தோன்றவில்லை. சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

லிஃப்ட் தரைக்குச் சமமாக வந்து நின்றது. கதவு திறந்தது. கறுப்பி வெளியே வந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. மாலையில் பாதி ஏற்கெனவே அவள் வாயில் இருந்தது. லிஃப்டுக்குள் நின்றதில் அவளுக்கு எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னால் வந்த புரோகிதர்தான் தண்ணீர் கேட்டார்.

யூஜின் படியிறங்கி ஓடி வந்து பசுவின் விலாவில் கை வைத்துப் பார்த்தான். மூச்சு சீராக இருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றான். கண்களைத் துடைத்துக்கொண்டதைத் தாரணி பார்த்தாள். பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டாள்.

பிரிஜெட் இதற்குள் எழுதி வைத்திருந்த இரண்டு தாள்களைத் தோள்பையிலிருந்து எடுத்தார். "ஒரே விஷயம், ரெண்டு காப்பி. ஒண்ணுல யூஜின் முதல்ல. இன்னொண்ணுல தாரணி முதல்ல. இதுக்கு மேல யாராவது வாயைத் திறந்தா, நான் அந்த மாட்டோட லிஃப்ட்ல ஏறி நடுவுல நின்னுடுவேன்."

லிஃப்ட் கதவிலேயே தாளை வைத்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே நேரத்தில், ஒருவர் பேனாவை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி. பிரிஜெட் உடனே லவினாவுக்கு ஃபோன் போட்டு, "திங்கட்கிழமை தைரியமா போ" என்றார். மறுமுனையில் எழுந்த அழுகைச் சத்தம் ஹரிஷ்வரை கேட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிருகப்பிரவேச வீட்டுக்காரம்மா வந்தார். பட்டுப்புடவை, கையில் ஆரத்தித் தட்டு. பெயர் சீதாலட்சுமி என்று வாசல் பலகையில் போட்டிருந்தது.

"மாட்டுக்காரத் தம்பதி நீங்கதானா? எங்க கோமாதாவைக் காப்பாத்திக் கொடுத்துட்டீங்க. சேர்ந்து நில்லுங்க, சேர்ந்து நில்லுங்க" என்று இருவரையும் தோளைப் பிடித்து அருகருகே நிறுத்தினார். அவர்கள் மறுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் தலையில் அட்சதை விழுந்தது. வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்த மஞ்சள் பை ஒன்றை நீட்டினார். ஒரே பை. காதுகள் இரண்டு. ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மேடம், கோர்ட்டுக்குப் புது ஐட்டம் ஒண்ணு கிடைச்சாச்சு" என்று ஹரிஷ் முணுமுணுத்தான். "தேங்காய்க்கு எந்த லேப்ல இடம் பார்க்கிறது?"

பிரிஜெட் உஷ் என்றார். கறுப்பியை ஓட்டிக்கொண்டு படியில் நிதானமாக இறங்கும் அந்த இருவரின் பின்னால் அவர்களும் இறங்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் குரல்கள் உயர ஆரம்பித்தன.

"தேங்காயை நீ எடுத்துக்கோ."

"எனக்கு வேண்டாம். நீ எடுத்துக்கோ. உனக்குத்தானே அவியல் பிடிக்கும்."

"சொன்னாக் கேளு தாரணி, நீ எடுத்துக்கோ!"

"முடியாதுன்னா முடியாது யூஜின்!"

இருவரில் யாரும் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை.